பாக்கெட் கோழி ஸ்பிரிங் ரோல்: உறையின் பின்பக்கத்தைப் படிப்போம்



நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் சரக்கின் தரத்தைக் கைதான் சொல்லும். துவரம்பருப்பை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்ப்போம். மிளகாய் வற்றலை முறித்துப் பார்ப்போம். மல்லியை முகர்ந்து பார்ப்போம். அரிசியைப் பல்லில் கடித்தால் பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் கேட்டால் தயங்காமல் பதில் சொன்னோம்.

இன்று நம் கடைகளில் பிரீசர் பெட்டி வந்துவிட்டது. அதற்குள் கல் போல உறைந்த பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அள்ளிப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது. அப்படிப்பட்ட சரக்கில் நமக்குக் கையும் மூக்கும் அதன் உறையில் அச்சடித்திருக்கும் எழுத்துதான். அந்த எழுத்தைப் படிக்காமல் விற்பவர், மூட்டையைப் பிரிக்காமல் விலை சொல்பவருக்குச் சமம். இந்த இதழில் பாக்கெட் கோழி ஸ்பிரிங் ரோலை எடுத்துக்கொண்டு அதன் உறையை வரி வரியாகப் படித்துப் பார்ப்போம். இதைக் கற்றுக்கொண்டால் நக்கெட், கட்லெட், சமோசா எதற்கும் இதே பாடம் உதவும்.

பாடம் ஏன் தேவைப்பட்டது?

நம்மிடம் பல வருடங்களாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் ஒரு நாள் மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய கடைக்கு அடுத்த தெருவில் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் ஒருவர். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்திவிட்டார். வாய்க்கு ருசியாக ஏதும் இல்லையே என்று மருமகள் கடைக்கு வந்து கேட்டபோது, நம் வியாபாரி கோழி ரோல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, “இது கோழிம்மா, தெம்பு தரும், பயமில்லாமல் கொடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் ஏறக்குறைய தினமும் மாலையில் ரோல் பொரிந்திருக்கிறது. அடுத்த பரிசோதனையில் அழுத்தம் கூடியிருந்தது. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் விசாரித்தபோது ரோலும் வெளியே வந்தது. மருமகள் காலிப் பாக்கெட்டோடு கடைக்கு வந்து நின்றார்.

ரோலால்தான் அழுத்தம் கூடியது என்று மருத்துவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த வியாபாரி நம்மிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணாச்சி, இதில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கோழி, தெம்பு என்று நீங்கள் சொன்னதைத்தானே நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.” நமக்குத் தெரியவில்லை. பெட்டி பெட்டியாக விற்ற சரக்கின் பின்பக்கத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அன்று இரவு கடையை அடைத்த பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தோம். அப்படிப் படித்ததும், தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்ததும்தான் இக்கட்டுரை.

ரோலுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்பிரிங் ரோல் சீனத்துப் பண்டம். வசந்த காலத் தொடக்கத்தில் மெல்லிய அப்பத்துக்குள் புதுக் காய்கறிகளைச் சுருட்டி உண்பது அங்கே பழைய வழக்கம். வசந்தச் சுருள் என்பதுதான் அதன் சீனப் பெயரின் பொருள். இன்று பாக்கெட்டில் வருவது அதன் வழிவந்த வகை. மைதா மாவில் காகிதம் போல மேல்தாள் செய்து, உள்ளே முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், கோழி இறைச்சி, சோயா சாஸ், மிளகு போன்றவற்றைக் கலந்த பூரணத்தை வைத்துச் சுருட்டி, பெரும்பாலும் பாதி வேகவைத்து அல்லது லேசாகப் பொரித்து, விரைவாக உறையவைத்து அனுப்புகிறார்கள். வீட்டில் எண்ணெயில் பொரித்தால் வேலை முடிந்தது.

ஆகவே இதில் நான்கு பங்காளிகள் உண்டு: மாவு, காய்கறி, கோழி, எண்ணெய். பெயர் கோழியின் பெயர். ஆனால் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைப் பெயர் சொல்லாது, பட்டியல் சொல்லும்.

முன்பக்கம்: மூன்று அடையாளங்கள்

முதலில் சைவ அசைவக் குறி. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டு வந்த உணவுப் பொருள் முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் வடிவத்தைக் கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். காய்கறி ரோலும் கோழி ரோலும் ஒரே அளவு, ஒரே வண்ண உறையில் வருவதுண்டு. கடைப் பையன் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் சைவ வீட்டாரின் நம்பிக்கையைத் திரும்ப வாங்க முடியாது. எனவே இரண்டையும் பிரீசரில் ஒன்றாகப் போடாமல் தனித்தனியே வைப்பதே சரி.

இரண்டாவது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும். இது இல்லாத பாக்கெட்டை எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும் தொடக்கூடாது.

மூன்றாவது, தேதிகள். தயாரித்த தேதியும், எந்தத் தேதிக்குப் பிறகு உண்ணக்கூடாது என்ற தேதியும் இருக்க வேண்டும். கூடவே எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் வைத்தால்தான் அந்தக் கடைசித் தேதி செல்லும். குளிர் குறைந்த பெட்டியில் வைத்துவிட்டு, தேதி இன்னும் இருக்கிறதே என்று வாதாடுவது செல்லாது.

சேர்பொருள் பட்டியலைப் படிக்கும் முறை

சேர்பொருள்களை எடையில் அதிகமானதை முதலிலும் குறைவானதைக் கடைசியிலுமாக எழுத வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பாடம் முடிந்தது. ஒரு கோழி ரோலில் முதல் பெயர் மைதா, இரண்டாவது முட்டைக்கோஸ், மூன்றாவது கோழி என்று இருந்தால், அது கோழி சேர்த்த மாவுப் பண்டம் என்று பொருள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ரோல் என்றால் அப்படித்தான் இருக்கும். வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உறையில் பெயராலோ படத்தாலோ ஒரு பொருளை முன்னிறுத்திக் காட்டினால், அந்தப் பொருள் எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். முன்பக்கத்தில் தட்டு நிறையக் கோழித் துண்டுகளைக் காட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் கோழிக்கு எதிரே இருக்கும் சதவீதத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பெனிச் சரக்கை ஒப்பிட்டு விலை பேசும்போது நமக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பத்து ரூபாய் குறைவாக வருகிறது என்று எடுத்த சரக்கில் கோழியும் குறைவாக இருந்தால், அது மலிவான சரக்கு அல்ல, வேறு சரக்கு.

பட்டியலின் கடைசியில் எண்கள் வரும். எடுத்துக்காட்டாக 621 என்பது மோனோசோடியம் குளூட்டமேட் என்னும் சுவையூட்டி. 451 என்பது இறைச்சியில் ஈரம் நிற்பதற்காகச் சேர்க்கும் பாஸ்பேட் வகை. இவை அனுமதிக்கப்பட்டவையே. எண்ணைப் பார்த்தவுடன் விஷம் என்று வதந்தி பேசுவது வணிகருக்கு அழகல்ல. ஆனால் உப்பைப் போல இவற்றின் வழியாகவும் சோடியம் உள்ளே வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒவ்வாமைக் குறிப்பையும் விட்டுவிடக் கூடாது. கோதுமை, சோயா, முட்டை, பால் போன்றவை இருந்தால் தனியாக எழுதியிருப்பார்கள். சிலருக்கு இவற்றில் ஒன்று சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். கேட்டு வாங்குபவருக்கு அந்த வரியைக் காட்டுவது நம் கடமை.

ஊட்டச்சத்து அட்டவணை: ஒரு மாதிரிக் கணக்கு

அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சோடியம் ஆகியவை வரும். ஒரு பரிமாறலில் ஒரு நாள் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்பதும் இருக்கும். அந்தச் சதவீதத்துக்கு அடிப்படை ஒரு நாளைக்கு ஆற்றல் 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இந்த ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வருவது எந்தக் கம்பெனியின் பாக்கெட்டும் அல்ல. கணக்குப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்ட மாதிரி. உங்கள் கடைப் பாக்கெட்டின் எண்களைப் போட்டு இதே போலச் செய்துகொள்ளலாம்.

பாக்கெட் எடை 240 கிராம். உள்ளே 12 ரோல். ஒரு ரோல் 20 கிராம். ஒரு பரிமாறல் 3 ரோல், அதாவது 60 கிராம். பாக்கெட்டில் 4 பரிமாறல். கோழி 18 சதவீதம். 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம், மாவுச்சத்து 27 கிராம், கொழுப்பு 8 கிராம், அதில் நிறைவுற்றது 3 கிராம், சோடியம் 480 மில்லிகிராம், ஆற்றல் 208 கிலோ கலோரி.

முதலில் அட்டவணை சரியா என்று பேரேட்டைச் சரிபார்ப்பது போலச் சரிபார்ப்போம். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. ஆகவே 7ஐ 4ஆல் பெருக்க 28. 27ஐ 4ஆல் பெருக்க 108. 8ஐ 9ஆல் பெருக்க 72. கூட்டினால் 208. கணக்குப் பொருந்துகிறது. ஒரு பாக்கெட்டில் இந்தக் கூட்டல் வெகுவாகத் தவறினால் அந்த அட்டவணையைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து கோழி. 240 கிராமில் 18 சதவீதம் என்றால் 43 கிராம். பன்னிரண்டு ரோலுக்கும் சேர்த்து இவ்வளவுதான். ஒரு ரோலுக்கு 3.6 கிராம். எலும்பில்லாத கோழியைத் தராசில் 43 கிராம் நிறுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். வாடிக்கையாளர் மனத்தில் இருக்கும் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அப்போது உணர்வீர்கள்.

புரதத்தைப் பார்ப்போம். பச்சைக் கோழி இறைச்சியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். அப்படியானால் 18 கிராம் கோழி தருவது 4 கிராம். மீதி 3 கிராம் எங்கிருந்து வந்தது? மைதாவிலும் பத்து சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு. 30 கிராம் மைதா 3 கிராம் தரும். ஆக, அட்டவணையில் உள்ள புரதம் முழுவதும் கோழியின் புரதம் அல்ல. சில சரக்கில் சோயாவும் சேரும். இவையும் புரதம்தான். ஆனால் கோழிப் புரதம் என்று சொல்லி விற்கக்கூடாது.

பரிமாறல் என்னும் பொறி

அட்டவணையில் பரிமாறல் 3 ரோல் என்று போட்டிருக்கும். ஆனால் எந்த வீட்டில் மூன்றோடு நிறுத்துகிறார்கள்? பள்ளி விட்டு வரும் பிள்ளை ஆறு ரோலைச் சாதாரணமாகச் சாப்பிடும். எனவே உறையில் உள்ள சதவீதத்தை இரண்டால் பெருக்கித்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஆறு ரோல் 120 கிராம். ஆற்றல் 250 கிலோ கலோரி. புரதம் 8.4 கிராம். மாவுச்சத்து 32 கிராம். கொழுப்பு 9.6 கிராம். சோடியம் 576 மில்லிகிராம். ஒரு நாளைய சோடிய வரம்பில் இது 29 சதவீதம். உறையிலோ 14 சதவீதம் என்றுதான் இருக்கும். உறை பொய் சொல்லவில்லை. மூன்று ரோலுக்கு அதுவே உண்மை. படிப்பவர்தான் தட்டில் உள்ளதை எண்ண வேண்டும்.

உப்பு: கண்ணுக்குத் தெரியாத சரக்கு

அந்தப் பெரியவரின் விஷயத்துக்கு இப்போது வருகிறோம். ஊட்டச்சத்து அட்டவணையில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று எழுதியிருக்கும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் அதற்கு ஈடான உப்பு கிடைக்கும். 576 மில்லிகிராமை 2.5ஆல் பெருக்க 1440 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு. முன்னே சொன்ன சுவையூட்டி, பாஸ்பேட் ஆகியவற்றின் சோடியமும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு சமமான தேக்கரண்டி அளவு. சோறு, குழம்பு, ரசம், சட்னி எல்லாவற்றிலும் சேர்த்து இந்த வரம்பு. அதில் கால் பங்குக்கு மேல் மாலைப் பலகாரமே எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு மீதம் என்ன?

ஊறுகாயை நிறுத்தியவருக்கு ஊறுகாயின் உப்பு நாக்கில் தெரியும். ரோலின் உப்பு தெரியாது. மைதாவுக்குள்ளும் பூரணத்துக்குள்ளும் அது மறைந்திருக்கும். கூடவே வரும் மிளகாய் சாஸ் பொட்டலத்தின் உப்பு தனி வரவு. அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பொரிக்காமல் வாட்டினாலும் ஆவியில் வைத்தாலும் எண்ணெய் குறையும், உப்பு குறையாது. ஆகையால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு என்று கேட்டு வருபவரிடம், சோடிய வரியைக் காட்டி, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்வதே முறை.

எண்ணெய்க் கணக்கு

உறையில் உள்ள அட்டவணை, வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, பாக்கெட்டில் உள்ளபடிக்கான கணக்கு. வீட்டில் பொரிக்கும்போது குடிக்கும் எண்ணெய் அதில் சேராது. ஆறு ரோல் 10 கிராம் எண்ணெய் குடித்ததாக வைத்துக்கொண்டால், 9ஆல் பெருக்க 90 கிலோ கலோரி கூடும். 250 ஆக இருந்தது 340 ஆகிவிடும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். எவ்வளவு குடிக்கிறது என்று அறிய விரும்புவோர், பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நம் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். மேலே எண்ணெய் தடவி அடுப்புப் பெட்டியில் வாட்டினால் செலவு குறையும்.

டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு 3 சதவீதமாக இருந்தது. ஆனால் கடையிலேயே பொரித்து விற்கும் பேக்கரி, தேநீர்க் கடை அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட சேர்மங்கள் பெருகும். அந்தச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி உள்ளது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம் புரதம் தேவை. நம் மாதிரிக் கணக்கில் ஆறு ரோல் 8.4 கிராம் தருகிறது. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு முட்டை ஏறக்குறைய 12 கிராம் தரும். அதில் உப்பும் குறைவு, விலையும் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ரோல் எந்த வரிசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அது பலகாரம். வடை, பஜ்ஜி, சமோசா போன்ற பலகாரம். வடையை நாம் யாரும் மருந்து என்று சொல்லி விற்பதில்லை. ரோலையும் சத்துணவு என்று சொல்லி விற்கத் தேவையில்லை. விருந்தாளி வந்த நாளுக்கும், பிறந்த நாளுக்கும், மழைக்கால மாலைக்கும் ஏற்ற நல்ல தின்பண்டம் என்று சொல்லி விற்றால் அதுவே போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சர்க்கரை வரியை மட்டும் காட்டி, இனிப்பே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. மைதாவும் உடம்புக்குள் சென்று சர்க்கரையாகத்தான் மாறும். 25 கிராம் எடையுள்ள ரொட்டித் துண்டு ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. ஆறு ரோலில் 32 கிராம். இரண்டரைத் துண்டு ரொட்டிக்கும் சற்று அதிகம். மொத்த மாவுச்சத்து வரியைக் காட்டுங்கள்.

குளிர் காக்கும் வேலை நம்முடையது

அட்டவணையை எழுதியது கம்பெனி. அந்த உணவைக் கெடாமல் வாடிக்கையாளரிடம் சேர்ப்பது நாம். உறைய வைப்பதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாகாது, தூங்கும். குளிர் போனால் எழுந்துகொள்ளும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் அவற்றுக்குக் கொண்டாட்டம். மறுபடி உறையவைத்தால், பெருகிய கிருமி பெருகியபடியே மறுபடி தூங்கும்.

ஒரு கோடையில் ஞாயிறு விடுமுறையன்று நம் கிடங்கில் ஒரு பிரீசரின் பியூஸ் போய்விட்டது. திங்கள் காலை திறந்தபோது பாக்கெட்டுகள் கைக்கு மெத்தென்று இருந்தன. பையன், “முதலாளி, பியூஸ் போட்டுவிட்டேன், சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது” என்றான். அவன் சொன்னது உண்மை. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மனம் ஒரு நிமிடம் ஆடியதையும் மறைக்கவில்லை, முதல் போட்ட சரக்கு அல்லவா. பிறகு எண்ணி எழுதி, நஷ்டக் கணக்கில் போட்டு, எல்லாவற்றையும் அழித்தோம். அன்றிலிருந்து பிரீசருக்குள் ஒரு வெப்பமானி தொங்குகிறது. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். விடுமுறை நாளிலும் ஒருவர் வந்து பார்க்கிறார். தொங்கவிட்ட வெப்பமானியின் விலை அன்று அழித்த சரக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது.

சரக்கு வந்திறங்கும்போது கவனிக்க வேண்டியவை: வண்டியின் குளிரைப் பாருங்கள். பாக்கெட்டை அசைத்தால் ரோல்கள் தனித்தனியே கலகலக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனித்தூள் நிறைந்திருந்தாலோ, அது வழியில் இளகி மறுபடி உறைந்திருக்கலாம். அதைத் திருப்பி அனுப்புங்கள். முதலில் வந்தது முதலில் போகும்படி அடுக்குங்கள். பெட்டியில் குறித்த கோட்டுக்கு மேல் சரக்கைக் குவிக்காதீர்கள். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க இரவில் பிரீசரை நிறுத்தும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

சட்டத்தில் நம் பங்கு

லேபிள் கம்பெனியின் பொறுப்பு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் ஒவ்வொருவரின் பொறுப்பையும் தனித்தனியே சொல்கிறது. காலாவதியான பின் சரக்கு கொடுத்தாலும், தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்புக் குறிப்புக்கு மாறாக வைத்தாலும் மொத்த வணிகர் பொறுப்பு. தவறான முகப்புச்சீட்டு உள்ள சரக்கை விற்றாலும், யாரிடம் வாங்கியது என்று காட்ட இயலாத சரக்கை விற்றாலும் சில்லறை வணிகரும் பொறுப்பாவார். ஆகவே உறைநிலைச் சரக்குக்குப் பில் இல்லாமல் கொள்முதல் செய்யாதீர்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடைசித் தேதியின் மேல் விலைச் சீட்டை ஒட்டாதீர்கள்.

வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது?

நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பின்வரும் பதில்களைப் பழக்குங்கள்.

“இதில் கோழி எவ்வளவு?” என்று கேட்டால், சதவீதத்தைக் காட்டிப் படித்துச் சொல்ல வேண்டும்.

“உடம்புக்கு நல்லதா?” என்று கேட்டால், “எப்போதாவது சாப்பிடும் பலகாரம்” என்று சொல்ல வேண்டும்.

“உப்பு, சர்க்கரை நோய்க்காரர் சாப்பிடலாமா?” என்று கேட்டால், சோடியம், மாவுச்சத்து இரண்டு வரிகளையும் காட்டி, “மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டும். நாம் மருத்துவர் இல்லை.

“எப்படிச் செய்வது?” என்று கேட்டால், உறையில் உள்ளபடி, இளகவிடாமல், நடுப்பகுதி வரை நன்றாகச் சூடேறும்படி பொரிக்கவோ வாட்டவோ சொல்ல வேண்டும். கோழிப் பண்டத்தின் நடுப்பகுதி 75 டிகிரி வரை சூடேற வேண்டும். மேலே சிவந்துவிட்டது என்று இறக்கிவிட்டால் உள்ளே குளிர் நிற்கும். பனித்தூள் ஒட்டியிருந்தால் எண்ணெய் தெறிக்கும் என்றும் எச்சரிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச்செல்ல நேரமாகும் என்றால் கடைசியாக எடுத்து, தனிப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படி உள்ளதைச் சொன்னால் விற்பனை குறைந்துவிடாதா என்று சில அன்பர்கள் கேட்டார்கள். அந்தச் சில்லறை வியாபாரியின் கடையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். மறுநாள் அவர் அந்த வீட்டுக்கே நேரில் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பெரியவரிடம் வருத்தம் தெரிவித்தார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போதும் அந்த வீட்டு மளிகைச் சிட்டை அவர் கடைக்குத்தான் வருகிறது. பேரப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு முறை ரோல் பாக்கெட்டும் வருகிறது. ஆனால் மருமகள் பாக்கெட்டை வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிச் சோடிய வரியைப் பார்க்கிறாராம். அவருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கடைக்காரர்தான்.

அன்பர்களே, இன்று மாலை கடையை அடைக்கும் முன் உங்கள் பிரீசரிலிருந்து ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். கோழி எத்தனை சதவீதம், சோடியம் எவ்வளவு, பரிமாறல் எத்தனை ரோல், கடைசித் தேதி என்ன என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக் காலை கடைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைச் சொல்லிக்கொடுங்கள். நாம் விற்கும் சரக்கு என்னவென்று நமக்கே தெரிந்திருப்பதுதான் வியாபாரத்தின் முதல் முதலீடு.